சின்ன அலுவலகத்துக்கு எந்த இன்டர்நெட்? வேகத்தைக் கேட்கும் முன் வயர் வரும் வழியைப் பாருங்கள்

காக்ஸ் டவுனில் பத்து பேர் உட்காரும் அளவுக்கு ஓர் அலுவலகம் பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் கொடுத்தாச்சு, மேசை நாற்காலி வந்தாச்சு. அடுத்து இன்டர்நெட். போனை எடுத்து நான்கு நிறுவனங்களின் திட்டங்களைப் பார்க்கிறீர்கள். 100 எம்பிபிஎஸ், 300 எம்பிபிஎஸ், ஒரு ஜிபிபிஎஸ். எல்லாமே அன்லிமிடெட், எல்லாமே ஃபைபர். எது மலிவோ அதை எடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றுதான் தோன்றும்.

வீட்டுக்கு அது போதும். நெட் போனால் அன்றைக்கு மேட்ச் போச்சு, அவ்வளவுதான். அலுவலகத்துக் கணக்கு வேறு. பத்து பேருக்குச் சராசரியாக மாதம் 40,000 ரூபாய் சம்பளம் என்றால் மொத்தம் 4 லட்சம். 26 வேலை நாட்களால் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 15,400 ரூபாய். நெட் இல்லாத ஒரு முழு நாளில் இந்தப் பணம் சும்மா கரைகிறது. வாடகையும் கிளையண்ட்டின் கோபமும் தனி. உங்கள் திட்டம் மாதம் 1,000 ரூபாய் என்றால், அந்த ஒரு நாளுக்கான கட்டணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தாலும் கைக்கு வருவது 33 ரூபாய்.

15,400-க்கு 33. இந்த இடைவெளியை எந்தத் திட்டமும் நிரப்பாது. அதனால் ‘எவ்வளவு வேகம்?’ என்ற கேள்வியை இரண்டாவதாக வையுங்கள். முதல் கேள்வி, ‘இது எப்படி அறுந்து போகும்? அறுந்த அன்றைக்கு நான் என்ன செய்வேன்?’

முதலில் தெருவுக்கு இறங்குங்கள்

திட்டங்களை ஒப்பிடும் தளங்கள் எதுவும் சொல்லாத தகவல் ஒன்று உங்கள் தெருவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அலுவலக ஜன்னலுக்குள் நுழையும் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டு கண்ணால் பின்னோக்கிப் போங்கள். மாடியிலிருந்து எதிர்க் கம்பம், அங்கிருந்து ஒரு மரக்கிளை, அங்கிருந்து அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக் குழாய். காக்ஸ் டவுன், குக் டவுன், ஃப்ரேசர் டவுன் போன்ற பழைய கன்டோன்மென்ட் பகுதிகளில் மரமும் அதிகம், குறுகிய தெருவும் அதிகம். பல தெருக்களில் கடைசி இருநூறு முந்நூறு மீட்டர் ஃபைபர் இப்படித்தான் வருகிறது.

அறுந்து போவதும் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதியில்தான். செங்கடலில் கேபிள் அறுந்தால் செய்தியாகும். உங்கள் தெருவில் கிளை முறிந்தால் செய்தியாகாது, ஆனால் உங்களுக்கு வேலை நிற்கும். 2024 ஜூன் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பெங்களூரில் 111.1 மி.மீ. மழை. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் இவ்வளவு பெய்ததில்லை; முந்தைய உச்சம் 1891-ல் பதிவானது. ஊர் முழுக்க மரங்கள் சாய்ந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது அலுவலகங்களின் அதிர்ஷ்டம்.

மழை மட்டுமா? அதே 2024-ல் பெஸ்காம், தன் மின்கம்பங்களில் அனுமதியில்லாமல் கட்டியிருந்த ஆப்டிக்கல் ஃபைபர், டிவி கேபிள்களை அகற்றும் நடவடிக்கையில் இறங்கியது. மாநகராட்சியும் இதற்கு முன் பல முறை இப்படி வெட்டியிருக்கிறது. நடைபாதையில் போகிறவர் கழுத்தில் வயர் சிக்குவதைப் பார்த்தவர்கள் இதைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் வெட்டும்போது யாருடைய அலுவலகம் இருட்டாகிறது என்று கம்பத்தில் ஏறுபவருக்குத் தெரியாது. மண்ணுக்கு அடியில் போனாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. சாலையைத் தோண்டும்போது கேபிள் முதலிய நிலத்தடிச் சொத்துகள் சேதமாவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசே சொல்லித்தான் 2023 மார்ச் 22 அன்று, தோண்டும் முன் கேபிள் உரிமையாளருக்குத் தகவல் கொடுக்கும் ‘கால் பிஃபோர் யு டிக்’ செயலியைக் கொண்டுவந்தது.

இரண்டு கம்பெனி எடுத்தால் பிரச்சினை தீர்ந்ததா?

காகிதத்தில் தீர்ந்தது. ஒரு இணைப்பு 99 சதவீத நேரம் வேலை செய்யும் என்று வைத்தால், 30 நாள் மாதத்தின் 720 மணி நேரத்தில் 7.2 மணி நேரம் அது இருக்காது. கிட்டத்தட்ட ஒரு வேலை நாள். அதே தரத்தில் இன்னொரு இணைப்பையும் சேர்த்தால், இரண்டும் ஒரே நேரத்தில் போகும் வாய்ப்பு நூறில் ஒன்றின் நூறில் ஒன்று. அதாவது மாதத்துக்குச் சுமார் 4 நிமிடம்தான். பிரமாதம், இல்லையா?

இந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் பழுதாக வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஃபைபர் இருந்தது. அதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது. ஒரு மதியம் தெருமுனையில் கிளை வெட்டினார்கள். இரண்டும் ஒரே நொடியில் போயின. கீழே போய்ப் பார்த்தால் இரண்டு வயரையும் ஒரே கயிற்றால் ஒரே கம்பத்தில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மீதி நாளை எல்லாரும் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினோம். இரண்டு வருடமாக இரண்டு பில் கட்டி, ஒரே ஒரு வழியைத்தான் வாங்கியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. பல நிறுவனங்கள் கடைசிக் கட்ட வேலையை உள்ளூர் கேபிள் ஆபரேட்டரிடம் ஒப்படைக்கின்றன. பில்லில் இரண்டு பெயர் இருக்கும். வயர் இழுப்பவரும் பழுது பார்ப்பவரும் ஒரே ஆளாக இருப்பார். நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியிடம் இதைக் கேட்டால் பதில் வராது. இணைப்பு கொடுக்க வரும் பையனிடம் கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார். இந்த ஏரியாவில் அதைத் தமிழிலேயே கேட்கலாம் என்பது நமக்குக் கிடைத்த சின்ன வசதி.

என் பரிந்துரை இதுதான். முதல் இணைப்பு ஃபைபர். இரண்டாவது, வயரே இல்லாமல் வருவது. ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பர் 19 அன்று பெங்களூர் உட்பட எட்டு நகரங்களில் தொடங்கியது. ஏர்டெல்லுக்கும் இதே மாதிரி சேவை உண்டு. மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா வைத்து 5ஜி டவரிலிருந்து நேராக இழுப்பார்கள். தெருக் கம்பம், மரக்கிளை எதுவும் நடுவில் கிடையாது. ஆனால் டவருக்கு வரும் இணைப்பே அதே நிறுவனத்தின் ஃபைபர் வழியாக வரலாம். அதனால் ஃபைபர் ஒரு நிறுவனம், 5ஜி வேறு நிறுவனம் என்று பிரித்து எடுங்கள். மாதம் 700 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 8,400. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 9,912 ரூபாய். முதலில் போட்ட கணக்கில் ஒரு முழு நாள் இழப்பைவிட இது குறைவு.

மின்சாரம் போனால்?

ஃபைபர் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை இணைப்பு விற்கிறார்கள். ஒன்றில் கண்ணாடி இழை உங்கள் அறை வரைக்கும் வந்து ஓஎன்டி என்ற சின்னப் பெட்டியில் முடியும். வழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் ஒளியைப் பிரிப்பதோடு சரி, அதற்கு மின்சாரமே வேண்டாம். இன்னொன்றில் ஃபைபர் பக்கத்துக் கட்டடம் வரை வந்து, அங்கிருக்கும் ஸ்விட்சிலிருந்து சாதாரண லேன் கேபிளில் உங்களுக்கு வரும். அந்த ஸ்விட்ச் யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படியில் அவர்கள் கரண்டில் ஓடிக்கொண்டிருக்கும். உங்களிடம் இன்வெர்ட்டர் இருந்தாலும், அங்கே கரண்ட் போய் அதன் பேட்டரியும் தீர்ந்தால் உங்கள் நெட்டும் போய்விடும்.

ஆகவே கேட்க வேண்டியது, ‘ஃபைபர் என் ரூம் வரை வருதா, இல்ல பில்டிங் வரைதானா?’ ரூம் வரை என்றால் ஓஎன்டி பெட்டியையும் ரூட்டரையும் சின்ன யுபிஎஸ்ஸில் போட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு பழைய குண்டு பல்பு இழுக்கும் அளவு கரண்ட்கூட இழுக்காது.

சரி, இப்போ வேகம்

ஒருவரின் எச்டி வீடியோ காலுக்கு மேலே 3, கீழே 3 எம்பிபிஎஸ் என்று கணக்கு வைத்தால் தாராளம். பத்து பேரும் ஒரே நேரத்தில் காலில் இருந்தாலும் 30 எம்பிபிஎஸ்தான். பெரும்பாலான சின்ன அலுவலகங்களுக்கு 100 எம்பிபிஎஸ் போதும். 300-க்கு மேல் போகும் பணத்தை இரண்டாவது இணைப்பில் போடுங்கள்.

ஆனால் அப்லோடைத் தனியாகக் கேளுங்கள். விளம்பரத்தில் பெரிதாக இருப்பது டவுன்லோட் வேகம். அப்லோடும் அதே அளவு என்று எழுதியிருக்காது. நீங்கள் வீடியோ எடிட்டிங் செய்பவர் என்றால் 50 ஜிபி கோப்பை 20 எம்பிபிஎஸ்ஸில் ஏற்ற ஐந்தரை மணி நேரம் ஆகும். 100 எம்பிபிஎஸ் என்றால் 67 நிமிடம். மாலை ஆறு மணிக்கு அனுப்ப வேண்டியது நள்ளிரவுக்குப் போவது இப்படித்தான்.

300 எம்பிபிஎஸ் வாங்கியும் சாயங்காலம் ஏன் மெதுவாகிறது? பரவலாக இருக்கும் ஜிபான் தொழில்நுட்பத்தில் ஒரு ஃபைபர் 2,488 எம்பிபிஎஸ் கீழே, 1,244 மேலே கொண்டுவரும். அதை 32 அல்லது 64 வாடிக்கையாளர்களுக்குப் பிரிக்கிறார்கள். 64 பேரும் ஒரே நொடியில் முழுசாக இழுத்தால் தலைக்கு 39 எம்பிபிஎஸ்கூட வராது. எல்லாரும் ஒரே நொடியில் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே இந்தப் பகிர்வுதான். பகிர்வே வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் லீஸ்டு லைன். அதில் ஒப்பந்தப்படி வேகம் உங்களுக்கு மட்டும். பழுதை எத்தனை மணி நேரத்தில் சரிசெய்வார்கள், தவறினால் எவ்வளவு கழிவு என்பதும் எழுத்தில் இருக்கும். விலையும் பல மடங்கு. சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் கால் சென்டர் நடத்துபவர்களுக்கும் அது தேவைப்படும். பத்து பேர் அலுவலகத்துக்கு, ஒரே கம்பத்தில் வரும் ஒரு விலையுயர்ந்த லைனைவிட, வெவ்வேறு வழியில் வரும் இரண்டு மலிவு இணைப்புகள் மேல் என்பது என் கருத்து.

‘அன்லிமிடெட்’ பற்றி ஒரு வரி: வீட்டு ஃபைபர் திட்டங்களில் அது பொதுவாக மாதம் 3,300 ஜிபி, ஏர்ஃபைபரில் 1,000 ஜிபி. அதற்குப் பிறகு வேகம் சரிந்துவிடும். 3,300 ஜிபியைப் பத்து பேர், 26 நாள் என்று பிரித்தால் தலைக்கு நாளொன்றுக்கு 12 ஜிபிக்கு மேல். போதும்.

சிசிடிவியை வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லையே?

அலுவலக டாலியை வெளியிலிருந்து திறக்க முடியவில்லை, விபிஎன் சேரவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் காரணம் ஐபி முகவரி. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொது இருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்றே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. அதனால் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் உட்கார வைக்கின்றன. அபார்ட்மென்ட் வாசலில் ஒரே கதவு எண் எழுதி வைத்துவிட்டு உள்ளே யார் எந்த ஃபிளாட் என்று சொல்லாமல் விடுவது மாதிரி. நீங்கள் வெளியே போகலாம்; வெளியிலிருந்து யாரும் உங்களைத் தேடி வர முடியாது.

சோதிப்பது சுலபம். ரூட்டர் அமைப்புப் பக்கத்தில் வெளி இணைப்பின் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் அந்தக் கூட்டுக்குடும்பத்தில் இருக்கிறீர்கள். தீர்வு, மாதக் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்குவது. வீட்டுத் திட்டத்தில் இது கிடைக்காமல் போகலாம். வணிகத் திட்டத்தில் கேட்டால் கொடுப்பார்கள்.

வணிகத் திட்டம் எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. பில் உங்கள் நிறுவனத்தின் பெயரிலும் ஜிஎஸ்டி எண்ணிலும் இருந்தால் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். பார்ட்னரின் சொந்தப் பெயரில் வீட்டு இணைப்பு வாங்கி அலுவலகத்தில் ஓட்டினால் அது போச்சு. வீட்டுத் திட்டத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனையிலேயே எழுதியிருப்பவர்களும் உண்டு.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

உங்கள் முகவரிக்கு இணைப்பு இல்லை என்று இணையதளம் சொன்னால் விட்டுவிடாதீர்கள். காக்ஸ் டவுனுக்கு 1988-ல் சர்வஞ்ஞ நகர் என்று அரசு பெயர் மாற்றியது, மக்கள் மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு பெயரிலும், 560005 என்ற பின்கோடிலும், பக்கத்து ஜீவனஹள்ளி பெயரிலும் தேடிப் பாருங்கள். எதிர்க் கடையில் யாருடைய நெட், போனால் எத்தனை மணி நேரத்தில் வருகிறார்கள் என்று விசாரிப்பது இதைவிட நல்ல வழி. வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே மொட்டை மாடியில் ஆன்டெனா வைக்கவும், இரண்டு நிறுவனங்களின் வயரை உள்ளே கொண்டுவரவும் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்கு நட்சத்திரம் கொடுக்கும் ஒழுங்குமுறையை ட்ராய் 2024 அக்டோபரில் வெளியிட்டது. நாற்பது வருடப் பழைய மாடிக் கட்டடத்தில் அந்த நட்சத்திரத்தைத் தேட வேண்டாம்.

இரண்டு இணைப்பும் வந்த பிறகு, அவற்றைத் தானாக மாற்றிக்கொள்ளும் ரூட்டர் வேண்டும். எஸ்பி ரோடு கடைகளில் டூயல்-வான் ரூட்டர் என்று கேளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பங்கிட்டு ஓட்டும் முறையைவிட, ஒன்று போனால் மற்றொன்று எடுக்கும் முறையில் வையுங்கள். பங்கிடும் முறையில் ஐபி முகவரி நடுவில் மாறி, வங்கித் தளங்கள் உங்களை வெளியே தள்ளிவிடலாம். மாதம் ஒரு முறை வேண்டுமென்றே முதல் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். நெட் நின்றால், ரூட்டர் அமைப்பு தப்பு என்பது சாவகாசமான ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் தெரிந்துவிடும்.

நெட் மெதுவாக இருக்கிறது என்று புகார் செய்யும் முன் ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரூட்டரில் செருகிச் சோதியுங்கள். அங்கே வேகம் சரியாக இருந்தால் குற்றவாளி உங்கள் வைஃபை. நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

புகார் செய்தால் என்ன கிடைக்கும்?

ட்ராயின் புதிய சேவைத்தர விதிமுறைகள் 2024 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ளன. பணம் கட்டிய ஏழு நாளுக்குள் 98 சதவீத பிராட்பேண்ட் இணைப்புகளை இயக்கிக் கொடுக்க வேண்டும். மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் கட்டணக் கழிவு அல்லது கூடுதல் நாட்கள் தர வேண்டும். இயற்கைப் பேரிடர் என்றால் கிடையாது. உங்கள் தெருவில் மட்டும் வயர் அறுந்தால் அது மாவட்ட முடக்கம் ஆகாது. அதற்கு வேறு விதி: பழுதைச் சரிசெய்ய மூன்று நாளுக்கு மேல் ஆனால் இழப்பீடு. அந்த மூன்று நாளில் உங்கள் அலுவலகம் இழப்பது 46,000 ரூபாய்க்கு மேல் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் புகாரை விடாதீர்கள். போனில் பேசினால் டாக்கெட் எண் வாங்குங்கள். திருப்தி இல்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ட்ராய்க்கே நேராக எழுதினால், தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்பு வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதி செய்தது. ஆனால் வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்குபவர் அந்தச் சட்டத்தில் ‘நுகர்வோர்’ ஆக மாட்டார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பிரைவேட் லிமிடெட் நடத்தும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு, ஒப்பந்தத்திலேயே கழிவு விதியைக் கேட்டு வாங்கவும்.

புகாருக்கு ஆதாரமும் வேண்டும். ஒரு பழைய லேப்டாப்பை லேன் கேபிளில் செருகி, நிமிடத்துக்கு ஒரு முறை 8.8.8.8-க்குப் பிங் அனுப்பி முடிவைக் கோப்பில் சேமிக்கும்படி விடுங்கள். 15 நாளில் 21,600 வரிகள் சேரும். அதில் 216 வரி பதில் இல்லாமல் போயிருந்தால் உங்கள் இணைப்பு 99 சதவீதம். ‘அடிக்கடி போகுது சார்’ என்பதற்குக் கிடைக்காத பதில், தேதியும் நேரமும் போட்ட அந்தப் பட்டியலுக்குக் கிடைக்கும், எனக்குக் கிடைத்திருக்கிறது.

நிறுவனத்தை மாற்றும்போது ஓஎன்டி பெட்டி, ரூட்டர், அடாப்டர் மூன்றையும் சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்துவிட்டு ஒப்படையுங்கள். எடுக்க வருபவரிடம் ரசீது கேளுங்கள். அது இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து ‘உபகரணம் திரும்ப வரவில்லை’ என்று ஒரு பில் வரும்போது காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.